தாலிப் படங்களும் புது மெமரியும்

என் கணவர் கல்யாண போட்டோகிராபர். பல வருடம் ஃபிலிம் ரோலில் எடுத்துக்கொண்டிருந்தவர், ஊரே டிஜிட்டலுக்கு மாறிய இரண்டாயிரங்களின் நடுவில் தானும் மாறினார். கேமரா அவர் பொறுப்பு, கம்ப்யூட்டர் என் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். அவர் எடுத்து வரும் படங்களை வெளிச்சம் சரிசெய்து, வெட்டி, ஒட்டி, பக்கம் பக்கமாக ஆல்பம் அமைத்து அச்சுக்கு அனுப்புவது நான். முத்தியால்பேட்டையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கூடத்தில் ஒரு மேசையும் அதன்மேல் ஒரு லேப்டாப்பும்தான் எங்கள் ஸ்டூடியோ.

அந்த லேப்டாப் பிரான்ஸிலிருந்து வந்தது. கணவரின் அக்கா அங்கே குடியுரிமை உள்ள ஒரு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தார். விடுமுறைக்கு வந்தபோது, தங்கள் வீட்டில் புதிது வாங்கிவிட்டதால் பழையதை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் விசைப்பலகையில் ஏ இருக்க வேண்டிய இடத்தில் க்யூ இருக்கும். எது நடந்தாலும் பிரெஞ்சில்தான் சொல்லும். பள்ளியில் நான் பிரெஞ்சு எடுத்துப் படித்திருந்தது பரீட்சைக்குப் பிறகு உதவியது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

குறை என்னவென்றால், அது படு மெதுவாக ஓடும். ஒரு பக்கத்தில் ஐந்தாறு படம் வைத்துவிட்டால் போதும், திரை அப்படியே நின்றுவிடும். நான் எழுந்து போய் வெங்காயம் அரிந்துவிட்டு வந்து பார்த்தால் அப்போதுதான் ஆறாவது படம் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும்.

"மெமரி கம்மியாம். கூட ஒண்ணு போட்டா பறக்குமாம்," என்றார் கணவர். அவரோடு தொழில் செய்யும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நேரு வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில், கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கடை ஒன்று இருந்தது. லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் போனோம். கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். லேப்டாப்பைக் குப்புறக் கவிழ்த்து, திருகாணிகளைக் கழற்றி, அடியில் இருந்த சின்ன மூடியை எடுத்தார். உள்ளே விரல் நீளத்தில் ஒரு பச்சைப் பலகை படுத்திருந்தது. அதுதான் மெமரி. அதற்குப் பக்கத்தில் அதே அளவில் ஓர் இடம் காலியாக இருந்தது.

"ஒண்ணு காலியாத்தான் இருக்குது. பழச புடுங்க வேணாம். கூட ஒண்ண சேத்துடலாம்," என்றார்.

அவர் முதலில் எடுத்து வந்த பலகை அந்த இடத்தில் இறங்கவில்லை. மெமரிப் பலகையின் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். இடத்தில் உள்ள சின்ன மேடு அந்த வெட்டுக்குள் போக வேண்டும். இதில் வெட்டு ஒரு நூல் தள்ளி இருந்தது.

"இது இப்ப வர்ற டிடிஆர் டூ. உங்களுது அதுக்கு முந்தின சாதி," என்று அதை வைத்துவிட்டு, இழுப்பறைக்குள் தேடி இன்னொன்றை எடுத்தார். அது க்ளிக் என்ற ஒலியோடு உட்கார்ந்தது.

நான் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கிற ஆள். ஆல்பம் வேலை அப்படிப் பழக்கிவிட்டது. பழைய பலகையில் சின்னச் சின்னக் கறுப்புச் சில்லுகள் வரிசையாக இருந்தன. புதியதில் எண்ணிக்கை குறைவு, ஒவ்வொன்றும் பெரிது. ஒட்டியிருந்த தாளில் பழையதன் வேகம் ஓர் எண், புதியதன் வேகம் வேறோர் எண்.

"ரெண்டும் வேற வேறயா இருக்குதே, பரவாயில்லீங்களா?" என்று கேட்டேன்.

"வேற கம்பெனிம்மா. புதுசு கொஞ்சம் வேகம் ஜாஸ்தி. மெதுவா இருக்கிறதோட சேந்தா அதுவும் மெதுவா ஓடும், அவ்ளோதான். ஸ்லாட்ல உக்காந்துச்சா? உக்காந்துச்சு. இப்ப போட்டுப் பாருங்க, மெஷினு கணக்கு காட்டும். காட்டிச்சுன்னா சேந்துடுச்சுன்னு அர்த்தம்."

இரண்டு மெமரியும் சேர்ந்த கணக்கை மெஷின் சரியாகக் காட்டியது. அவர் பொய் சொல்லவில்லை. பெரும்பாலான லேப்டாப்புகளுக்கு அவர் சொன்னது உண்மைதான் என்று பிற்பாடு பலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரு பக்கத்தில் இருபது படங்களை வைத்துப் பார்த்தேன். கண் இமைப்பதற்குள் இறங்கின. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். அந்த வாரத்தில் ஒரு நாள் ஆல்பம் சாஃப்ட்வேர் திடீரென்று மூடிக்கொண்டு, மெமரியைப் படிக்க முடியவில்லை என்று பிரெஞ்சில் ஒரு வரி காட்டியது. மறுபடி திறந்தேன், ஒழுங்காக வேலை செய்தது. புது மெமரி போடுவதற்கு முன்பும் அது திடீரென்று மூடிக்கொண்டது உண்டு என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த முகூர்த்தம் தவளக்குப்பத்தில். பெண் வீட்டார் விவசாயக் குடும்பம். பெண் டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு நெல்லும் கரும்பும். உயரமான மனிதர். கல்யாணம் முழுக்க அவர் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. பந்தியில் நிற்பார், வாசலில் நிற்பார், மேடைக்கு வருவார், யாரையாவது அதட்டிவிட்டுப் போவார். முந்தின நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை தாலி கட்டு, இரண்டும் கடலூர் ரோட்டை ஒட்டிய ஒரு மண்டபத்தில்.

நானும் லேப்டாப்போடு போயிருந்தேன். எங்களிடம் இருந்தவை இரண்டே கார்டுகள். அந்தக் காலத்தில் கேமரா கார்டு சின்னதாக இருந்தும் கொள்ளை விலை. அதனால் ஒன்று நிறைந்ததும் அவர் என்னிடம் கொடுப்பார். நான் லேப்டாப்பில் ஏற்றிவிட்டு, கார்டைத் துடைத்துக் காலியாக்கித் திருப்பிக் கொடுப்பேன். சமையல்கட்டுக்குப் பக்கத்து அறையில், வாழையிலைக் கட்டுகளுக்கும் காய்கறி மூட்டைகளுக்கும் நடுவே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். புது மெமரி வந்த பிறகு படம் ஏற்றுவதும் சுறுசுறுப்பாக இருந்தது. ஒவ்வொரு முறையும் சின்னப் படங்களாகத் திரை முழுக்கப் பரப்பிப் பார்த்தேன். எல்லாம் பளிச்சென்று இருந்தன. பார்த்த பிறகுதான் துடைத்தேன்.

தாலி கட்டும் நேரத்தில் கார்டு நிறைந்துவிடக் கூடாது என்பதில் அவர் மிகவும் கவனமாக இருப்பார். கெட்டிமேளத்துக்குச் சற்று முன்னால் ஓடி வந்து, பாதிதான் நிறைந்திருந்த கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, காலியான கார்டைப் போட்டுக்கொண்டு ஓடினார். ஆக, அந்தக் கார்டில் முதலில் விழுந்த படங்கள் தாலிப் படங்கள். பிறகு அதையும் நான் ஏற்றித் துடைத்துக் கொடுத்தேன். அதில் பந்தியும் குடும்பப் படங்களும் எடுத்தார்.

மறுநாள் மதியம், சாப்பிட்டு முடித்து, வேலைக்கு உட்கார்ந்தேன். முதல் பக்கத்துக்குப் பெண்ணின் தனிப்படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கித் திறந்தேன்.

நெற்றிச்சுட்டி இருந்தது. புருவம் இருந்தது. மூக்கு வரைக்கும் அவள் இருந்தாள். அதற்குக் கீழே படம் ஒரு விரற்கடை பக்கவாட்டில் விலகி, பச்சையும் ஊதாவுமாகக் கோடு கோடாக ஓடி, கடைசியில் வெறும் சாம்பல் நிறமாக முடிந்திருந்தது.

மூடிவிட்டு அடுத்ததைத் திறந்தேன். அது நன்றாக இருந்தது. அதற்கடுத்தது, மாலையோடு நிற்கும் மாப்பிள்ளை, இடுப்போடு அறுந்திருந்தார். அடுத்தது சரி. அடுத்தது பாதி. அடுத்தது திறக்கவே இல்லை. என் கை தானாக மவுஸை விட்டுவிட்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. சின்னப் படமாகப் பார்க்கும்போது எல்லாமே முழுசாக இருந்தன. பெரிதாக்கினால் மூன்றில் ஒன்று உடைந்திருந்தது. ஒவ்வொரு படத்துக்குள்ளும் முகவரி அட்டை மாதிரி ஒரு சின்ன நகல் தனியாக இருக்குமாம். அந்த நகல்தான் மண்டபத்தில் என் கண்ணுக்குத் தெரிந்தது. அது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

"என்னங்க, இங்க வாங்க," என்று கூப்பிட்டேன்.

அவர் வந்து பார்த்தார். "கேமரா போச்சா?" என்று கேட்டார்.

கேமரா என்றுதான் நானும் நினைத்தேன். இல்லாவிட்டால் கார்டு. கடைசியாக எடுத்த குடும்பப் படங்கள் இன்னும் கார்டிலேயே துடைக்காமல் இருந்தன. கார்டை மறுபடி சொருகி, அந்தப் படங்களை இன்னொரு இடத்துக்கு ஏற்றினேன். முதல் முறை ஏற்றியபோது, பெண்ணும் மாப்பிள்ளையும் பெரியப்பா பெரியம்மாவோடு நின்ற படம் கால்களில் உடைந்திருந்தது. இரண்டாம் முறை அதே படம் முழுசாக வந்தது. நன்றாக இருந்த வேறொரு படம் இப்போது கழுத்தில் உடைந்தது. மூன்றாம் முறை ஏற்றினேன். உடைவது வேறு வேறு இடம்.

அப்போதுதான் யோசித்தேன். கார்டில் படம் கெட்டிருந்தால் எத்தனை முறை எடுத்தாலும் ஒரே இடத்தில்தான் உடைய வேண்டும். கார்டு நல்லதாக இருக்கிறது, கேமரா நல்லதாக இருக்கிறது. வழியில்தான் ஏதோ நடக்கிறது.

"கார்டுல இருந்து நேரா டிஸ்க்குக்குப் போவாது இல்ல?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கே பேசப் பேசத்தான் புரிந்தது. கார்டிலிருந்து வரும் படம் மெமரியில் ஒரு கணம் தங்கித்தான் டிஸ்க்குக்குப் போகிறது. தங்கிய இடத்தில் ஓர் எழுத்து மாறினாலும் படம் அங்கிருந்து கெட்டுப்போகும்.

கணவர் லேப்டாப்பைக் கவிழ்த்து, புது மெமரியைக் கழற்றினார். பழையதோடு மட்டும் அதே படங்களை ஏற்றினேன். எல்லாம் முழுசாக வந்தன. மறுபடி ஏற்றினேன். மறுபடியும் முழுசு. பழையதை எடுத்துவிட்டு, புதியதை மட்டும் போட்டுப் பார்த்தோம். அப்போதும் முழுசு. இரண்டையும் சேர்த்துப் போட்டதும் உடைந்தது.

தனித்தனியாக இரண்டும் ஒழுங்கு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அவ்வப்போது ஏதோ ஒன்றை மாற்றிச் சொல்கிறது. எப்போது மாற்றும் என்பது அதற்கே தெரியாது. மெஷின் நின்றுபோயிருந்தால், திரை அணைந்திருந்தால், கடைக்காரரிடம் அன்றைக்கே போயிருப்போம். அது வேகமாக, சிரித்த முகத்தோடு, தப்புத் தப்பாக வேலை செய்துகொண்டிருந்தது. அதை நினைக்கத்தான் எனக்குப் பகீரென்றது. அந்த வாரம் முழுக்க அதில் நான் எதையெல்லாம் சேமித்தேன் என்று யோசிக்கக்கூடத் தைரியம் வரவில்லை.

கார்டைத் துடைத்தாலும் படம் உடனே அழிந்துவிடாது, மேலே புதுப் படம் விழும் வரை அடியில் கிடக்கும், அதை மீட்க சாஃப்ட்வேர் இருக்கிறது என்று கணவர் கேள்விப்பட்டிருந்தார். தெருமுனை பிரௌசிங் சென்டருக்கு இரண்டு கார்டையும் எடுத்துக்கொண்டு போனோம். எங்கள் லேப்டாப்பை அதற்குப் பயன்படுத்த இரண்டு பேருக்குமே மனசு வரவில்லை. அங்கே ஒரு கம்ப்யூட்டரில் அந்த சாஃப்ட்வேரை இறக்கி ஓட்டினோம். படங்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. பந்தக்கால் வந்தது. மாப்பிள்ளை அழைப்பு வந்தது. பெண் மணவறைக்கு வருவது வந்தது. அம்மி மிதித்தது, அருந்ததி பார்த்தது எல்லாம் வந்தது. மேலே வேறு படம் விழுந்து வராமல் போனவற்றில் பெரும்பாலானவை லேப்டாப்பில் உடையாமல் இருந்தவைதான். எனக்கு மூச்சு திரும்பியது.

"தாலி?" என்றார் அவர்.

மேலும் கீழும் தேடினேன். கெட்டிமேளத்துக்கு முந்தைய படம் இருந்தது. அதற்குப் பிறகு பெண் நெற்றியில் குங்குமம் வைக்கும் படம் இருந்தது. நடுவில் ஒன்றுமில்லை. தாலிப் படங்கள், அவர் மாற்றிப் போட்ட காலிக் கார்டின் தொடக்கத்தில் விழுந்தவை. துடைத்த பிறகு எடுத்த பந்திப் படங்களும் தொடக்கத்திலிருந்துதான் விழுந்தன. அவர் ஜாக்கிரதையாகக் கார்டு மாற்றியதே தாலிப் படங்களின்மேல் இலையையும் சாம்பாரையும் கொண்டுவந்து கொட்டிவிட்டது.

அவர் எழுந்து வெளியே போய் நின்றார். போய்ப் பார்த்தேன். மின்கம்பத்தில் சாய்ந்துகொண்டு, போகிற வருகிற சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை வருடத் தொழிலில் தாலி கட்டும் படத்தை அவர் தவறவிட்டதே கிடையாது.

மிச்சமிருந்தவை லேப்டாப்பில் உடைந்து கிடந்த தாலிப் படங்கள் மட்டுமே. வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். அந்தச் சில நொடிகளில் அவர் விடாமல் எடுத்திருந்தார். அடுத்தடுத்து ஏறியவை என்பதாலோ என்னவோ, எல்லாமே உடைந்திருந்தன. ஒன்றில் மேல்பாதி நன்றாக இருந்தது, கீழ்ப்பாதி கோடு. இன்னொன்றில் நடுவில் ஒரு பட்டை மட்டும் கெட்டு அதற்குக் கீழே நிறம் மாறி, ஆனால் உருவம் தெளிவாக இருந்தது. நிறத்தைத் திருத்த எனக்குத் தெரியும். ஒன்றின் மேல்பாதியையும், அடுத்ததன் கீழ்ப்பாதியையும் எடுத்து, பட்டுப்புடவையின் கரையைக் கோட்டுக்குக் கோடு பொருத்தி ஒட்டினேன். மாப்பிள்ளையின் விரல்கள் முடிச்சின்மேல் இருந்தன. பெண் தலை குனிந்திருந்தாள். ஒட்டிய இடம் எனக்குத் தெரிந்தது. மற்றவர்களுக்குத் தெரியாது என்று நம்பினேன்.

"அவங்ககிட்ட கேமரா ரிப்பேருன்னு சொல்லிடலாமா?" என்று கேட்டார் கணவர்.

"கேமராவுல நீங்க ஒழுங்காத்தான் எடுத்திருக்கீங்க. அதும்மேல எதுக்குப் பழி? நடந்தத சொல்லிடலாம்."

பழைய மெமரியோடு மட்டும் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தேன். அரியாங்குப்பம் தாண்டி, சுண்ணாம்பாற்றுப் பாலம் தாண்டி, பெண் வீட்டுக்குப் போனோம்.

பெண் மறுவீட்டுக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளை வெளியே போயிருந்தார். அப்பா கழனிக்குக் கிளம்பத் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டிருந்தவர், எங்களைப் பார்த்து நின்றார். அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஆல்பம் அதற்குள் வந்துவிட்டது என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. எல்லார் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம்.

கணவர் சொன்னார். மெமரி, கார்டு என்றெல்லாம் இழுக்காமல், கம்ப்யூட்டரில் புதிதாகப் போட்ட ஒரு பொருள் மெஷினோடு ஒத்துப்போகவில்லை, அதனால் சில படங்கள் கெட்டுவிட்டன, பெரும்பாலானவற்றை மீட்டுவிட்டோம், தாலி கட்டும் படங்களை மட்டும் முழுசாக மீட்க முடியவில்லை என்று சொன்னார்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. அம்மா கையிலிருந்த சொம்பைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றாள்.

"தாலி கட்டுனதுதான் இல்லையா?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "அது ஒண்ணுதான் ஒடஞ்சிதா? எது எதுவோ இருக்க, அது ஒண்ணுதானா?"

அவள் எதை நினைக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவள் சகுனத்தைச் சொல்கிறாள். கோளாறு கம்ப்யூட்டரில் என்று எத்தனை முறை சொன்னாலும், அந்தத் தாய்க்கு உடைந்தது தாலிப் படம்தான்.

கணவர் பதறிப்போய், யோசிக்காமல் ஒன்றைச் சொல்லிவிட்டார். "வேணும்னா இன்னொரு நாளு பொண்ணு மாப்பிள்ளைய அதே புடவையில, மாலையோட வெச்சி, கட்ற மாதிரி ஒரு படம்..."

"ரெண்டாந்தரம் தாலி கட்றதா?" அம்மா பெண்ணின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "வேணாம் தம்பி. அந்தப் பேச்சே வேணாம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் லேப்டாப்பைத் திறந்து ஒட்டிய படத்தைக் காட்டினேன். அம்மா கிட்டே வந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். விரலால் திரையில் தாலியைத் தொட்டாள். "இருக்குதே. இதான் இருக்குதே. அப்பறம் என்னாத்துக்கு இல்லன்னீங்க?" என்றாள். அவள் தோள் இறங்கியது.

பெண் மட்டும் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அக்கா, இது எடுத்ததா, நீங்க செஞ்சதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒட்டிய இடத்தை வைத்து அவள் கேட்கவில்லை. "கட்டும்போது நான் குனிஞ்சிருக்கல. அப்பா எங்கன்னு திரும்பித் திரும்பிப் பாத்துட்டு இருந்தேன். அத்தைகூட, குனிம்மான்னாங்க. அப்பறந்தான் குனிஞ்சேன்," என்றாள்.

இரண்டு படங்களின் பாதி என்று அவளிடம் சொன்னேன். மேலே ஒரு நொடி, கீழே வேறொரு நொடி. அவள் கோபப்படவில்லை. "ஒடஞ்சதையெல்லாம் காட்டுங்கக்கா," என்றாள்.

"அத ஏன் பாக்குற?" என்றாள் அம்மா.

"பாக்கறேன்மா."

ஒவ்வொன்றாகத் திறந்தேன். சாம்பல் நிறத்தில் கரைந்துபோன மாலை. கோடுகளாகிவிட்ட அக்னி. நான் பார்க்கவே கூசிய படங்களை அவள் ஒன்றையும் தள்ளாமல் பார்த்தாள். கடைசிக்கு முந்தையதில் "நில்லுங்க" என்றாள்.

அதில் மேல்பாதி மட்டும் இருந்தது. பெண்ணின் தலை பக்கவாட்டில் திரும்பியிருந்தது. அவளுக்குப் பின்னால், அட்சதை தூவ உயர்ந்த கைகளின் இடுக்கில் ஒரு முகம். மற்றப் படங்களில் எல்லாம் அந்தக் கைகள் அதை மறைத்திருந்தன. நான் அதற்கு முன்பு அந்தப் படத்தைப் பார்த்திருந்தேன். கீழே தாலி இருக்கிறதா என்று மட்டுமே பார்த்திருந்தேன்.

கதவருகே நின்ற அப்பா மெல்ல வந்து, மகளின் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தார்.

"யாரு அது?" என்று கேட்டார்.

கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே தெரிந்துவிட்டது. வாய் கோணி, கன்னமெல்லாம் நனைந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அழுகிற ஒரு மனிதரின் முகம். குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அவர் முகத்தில் அப்படி ஒரு திகைப்பை நான் பார்த்ததில்லை. வேறு யாரோ தன் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்ப்பது போல நெடுநேரம் பார்த்தார்.

"நான் அழுவலயே," என்றார். "அழுதனா?"

"எனக்குத் தெரியும்பா," என்றாள் பெண். "அதான் திரும்பிப் பாத்துட்டு இருந்தேன்."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கழனியில் தண்ணீர் பாய்கிறது, போக வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

உடைந்த படத்தை ஆல்பத்தில் வைக்க அம்மா சம்மதிக்கவில்லை. கெட்ட பாகத்தை வெட்டிவிட்டு, பெண்ணின் முகமும் அப்பாவின் முகமும் மட்டும் இருக்கும்படி வைக்கலாம், அதில் உடைசல் எதுவும் தெரியாது என்று நான் சொன்ன பிறகு ஒப்புக்கொண்டாள். தாலி கட்டும் பக்கத்துக்கு ஒட்டிய படம்தான் வேண்டும் என்றாள். பெண்ணும் சரி என்றாள்.

பிறகு ஒரு நாள் அந்தப் புது மெமரியைக் கடைக்காரரிடம் எடுத்துக்கொண்டு போனோம். அவர் தன் கடையில் இருந்த வேறொரு லேப்டாப்பில் போட்டு, மெமரியைச் சோதிக்கும் சாஃப்ட்வேர் ஒன்றை ஓட்டினார். ஒரு தப்பும் வரவில்லை. "பாத்தீங்களா, நல்லாத்தானே இருக்குது," என்றார். எங்கள் லேப்டாப்பில் பழையதோடு சேர்த்துப் போட்டு ஓட்டச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அவர் வேறு யாருக்கோ கேபிள் எடுத்துக் கொடுக்கப் போனார். திரும்பி வந்தபோது திரையில் தப்பைக் காட்டும் சிவப்பு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. அவர் கையிலிருந்த கேபிளைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இத்தன நாளா கணக்கு காட்டிச்சின்னா போதும்னு குடுத்துட்டு இருக்கேனே," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

தனக்குப் பொருள் அனுப்பும் சென்னைக்காரருக்கு அங்கேயே போன் போட்டார். அந்த மாடலுக்கு இந்தப் பெரிய சில்லு வைத்த பலகை ஒத்துவராது, பழையது எப்படி இருக்கிறதோ அதே மாதிரி, அதே வேகத்தில், சின்னச் சில்லு உள்ளதாகத்தான் போட வேண்டும் என்று பதில் வந்தது. அப்படி ஒன்றை வரவழைத்துக் கொடுத்தார். ஒரு பகல் முழுக்கச் சோதனையை ஓடவிட்டு, ஒரு சிவப்பு வரியும் வரவில்லை என்று பார்த்த பிறகே அதில் ஒரு படத்தை ஏற்றினேன். ஏற்றியதையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கித் திறந்தேன். கணவர் மூன்றாவதாக ஒரு கார்டு வாங்கினார். ஆல்பம் முடியும் வரை எந்தக் கார்டையும் துடைப்பதில்லை என்று அவராகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்.

ஆல்பம் அச்சாகி வந்ததும், எடுத்துப்போகப் பெண்ணின் அப்பாவே வந்தார். மாடிப்படி ஏறி வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, மேசையில் வைத்துப் புரட்டினார். தாலிப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மகள் முகமும் அவர் முகமும் இருந்த அடுத்த பக்கம் வந்தபோது சட்டென்று இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டார்.

"பந்திப் படம்லாம் நல்லா வந்திருக்குது," என்றார் கணவரிடம்.

ஆல்பத்தைப் பெட்டியில் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். படியிறங்கும்போது அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து இறங்கினார்.